ஆத்து கேம்ப்பில் எட்டு நாள்

நனைந்த கோணியையும் செத்த எலியையும் பழைய விளக்கெண்ணெயையும் ஒன்றாகப் போட்டு மூடிவைத்தால் என்ன வாடை வருமோ, அந்த வாடைதான் கூடாரத்தின் வாசலிலேயே எங்களை வரவேற்றது. உள்ளே கால் வைப்பதற்கு முன்பே நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எட்டு நாளும் அந்தக் கையை மூக்கிலிருந்து எடுத்ததாக ஞாபகமில்லை. சின்ன வயது விடுமுறையைப் பற்றி எழுதுகிறவர்கள் மாங்காய், ஊஞ்சல், ஆற்றுக் குளியல் என்று ஆசையாக எழுதுகிறார்கள். நான் எழுத உட்கார்ந்தால் முதலில் குமட்டுகிறது. இதைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அது அறுபதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்து வயது. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத்தார் கொடுத்த ஒரு "லைன்" வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். அப்பாவை எங்கள் பக்கத்து வழக்கப்படி "நைனா" என்பேன். ஏகாம்பரம் என்று பெயர். சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடும் மிஷின்காரர். ஒருநாள் "ஷிப்ட்" முடிந்து வந்தவர் முகம்கூடக் கழுவாமல், "எட்டு நாளு லீவு போட்டுக்கீறேன், ஆத்து கேம்ப்புக்குப் போறோம்" என்றார். எங்கள் லைனில் யாரும் எங்கேயும் போய்த் தங்கியதில்லை. போனால் கல்யாணத்துக்கு வேலூர்ப் பக்கம், சாவுக்குக் குடியாத்தம் பக்கம், அவ்வளவுதான். ஆகவே பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் நன்றாக அளந்தேன். துணியால் கட்டிய வீடு, எட்டிக் குதித்தால் ஆறு, வேளாவேளைக்கு மீன் குழம்பு, துரைமார் குடும்பங்கள் இப்படித்தான் போய்த் தங்குமாம் என்று சொல்லிச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை அழவே வைத்துவிட்டேன்.

அந்தக் கேம்ப்பை நடத்தியவர் கன்னியப்பன் என்பவர். சுரங்கத்தில் கூரை சரியாமல் மரத்தூண் முட்டுக் கொடுக்கிற "டிம்பர்மேன்" வேலையில் நைனாவோடு பல வருஷம் இறங்கியவர். வேலையிலிருந்து நின்றபின் பேத்தமங்கலம் ஏரிக்கு மேலே, பாலாற்றங்கரையில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, நாலு கூடாரம் அடித்து, வருகிறவர்களைத் தங்கவைத்துச் சோறு போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். சமையல் அவர் மனைவி முனியம்மா. மற்ற எல்லா வேலையும் அவர்கள் மகள் தேவகி. அவளுக்கு அப்போது பதினெட்டு வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் கட்டுசோற்றோடு சைக்கிளில் வந்து குளித்துக் கும்மாளம் போட்டுப் போகிறவர்கள் உண்டு. நாள் கணக்கில் தங்குகிறவர்கள் நைனாவைப் போன்றவர்கள்தான்.

நைனாவைப் போன்றவர்கள் என்றால் இருமுகிறவர்கள். சுரங்கத்தில் பத்து வருஷம் துளை போட்டவர்கள் யாரும் இருமாமல் இருந்ததில்லை என்பதால், எங்கள் லைனில் இருமலை யாரும் நோயாகவே எண்ணுவதில்லை. ஆனால் அந்த வருஷம் சுரங்க ஆஸ்பத்திரியில் நைனாவின் மார்பைப் படம் எடுத்தபோது ஏதோ நிழல் தெரிந்ததாம். அது கல்தூசியா, காசமா என்பதைக் கபத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று சொல்லி, மூடி போட்ட ஒரு தகர டப்பாவில் நம்பர் எழுதிக் கொடுத்து, ஒரு தேதி சொல்லி, அன்றைக்குக் காலையில் எழுந்ததும் முதலில் வருகிற கபத்தைத் துப்பி எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். காசம் என்று எழுதிவிட்டால் "அன்ஃபிட்". அன்ஃபிட் என்றால் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கூண்டான "கேஜி"ல் இறங்க விடமாட்டார்கள். இறங்காதவனுக்குக் குடியிருக்க வீடும் கிடையாது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று குழாயடியில் பேசிக்கொள்வார்கள். யாருக்கு அப்படி நடந்தது என்று கேட்டால் யாருக்கும் பெயர் தெரியாது. ஆனாலும் எல்லாரும் அதை நம்பினார்கள். எங்கள் அம்மா அதை நம்பியதுபோல் சாமியைக்கூட நம்பியிருக்க மாட்டாள்.

அதற்குத்தான் அந்த எட்டு நாள். ஆற்றுக் காற்று, முட்டை, மீன், பீடி அறவே கூடாது. எட்டு நாளில் மார்பு கழுவிவிட்டாற்போல் ஆகிவிடும் என்று கன்னியப்பன் சொல்லிக்கொண்டிருந்தார். சோதனை என்று நாள் குறித்துவிட்டால் ஆட்கள் லீவு போட்டுவிட்டு அவரிடம்தான் வருவார்கள். எனக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். வீடு போய்விடக்கூடாது என்பது மட்டும் முழுசாகத் தெரியும், ஏனென்றால் அம்மா பஸ்ஸில் வரும்போதே டப்பாவை மடியில் முடிந்துகொண்டு வேண்டிக்கொண்டே வந்தாள்.

கூடாரத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அந்தத் துணி சுரங்கத்துக்குள் காற்றைத் திருப்பிவிடத் தொங்கவிடுகிற கெட்டித் துணி. கழித்துப் போட்டதைக் கன்னியப்பன் ஏலத்தில் எடுத்துத் தைத்திருந்தார். எத்தனை பேருடைய மூச்சும் வேர்வையும் வெடிமருந்துப் புகையும் அதில் ஊறியிருந்தனவோ, வெயில் ஏறினால் எல்லாம் இளகி வந்து நாக்கில் ஒட்டும். டிம்பர்மேன் புத்தி போகாமல், ஒரு துணிக் கூடாரத்துக்கு ஆறு மரத்தூண் நட்டு, இடுக்கில் ஆப்பு வேறு அடித்திருந்தார். காற்றோட்டமான ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு சுரங்கத்தைத் தரைக்கு மேலே கட்டிவைத்த மனுஷனை என்னவென்று சொல்வது? கீழே விரித்த பாயைத் தூக்கினால் மூட்டைப்பூச்சி குடும்பம் குடும்பமாக ஓடும். தலையணை உறையில் யாரோ ஒருவருடைய தலையெண்ணெய் வட்டமாகக் காய்ந்து பளபளத்தது. நான் பாவாடையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. மீன் ஆற்று மீன்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் முனியம்மா அதைக் குடல் எடுக்காமல் அப்படியே கொதிக்கவிடுவாள். குழம்பில் சேறு வாசம் அடிக்கும், பல்லில் மணல் கடிபடும். ஒருநாள் ரசத்தில் ஒரு முழ நீளத்துக்கு மயிர் வந்தது. நான் அதை விரலில் சுற்றித் தூக்கிக் காட்டியபோது அவள் சிரித்துக்கொண்டே வாங்கித் தன் கொண்டையில் சொருகிக்கொண்டாள். "இன்னாமே இப்டி மூஞ்ச சுளிக்கிற? ஒன்னிய மாதிரி பொண்ணு எங்க போய் வாழப்போவுது?" என்றாள். கக்கூஸ் என்று நாலு கோணிப்படுதா கட்டிய ஒரு குழி இருந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

ஆனால் இவை எல்லாமே தாங்கக்கூடியவை. தாங்க முடியாதது அந்தச் சின்ன டப்பாக்கள்தான். ஆஸ்பத்திரி கொடுத்த டப்பா வேறு. இவை கேம்ப்பின் டப்பாக்கள். தங்குகிற ஒவ்வொருவருக்கும் துப்புவதற்கென்று பால் டின்னைப் பாதியாக வெட்டி, அடியில் சாம்பல் போட்டு, தலைமாட்டில் வைத்திருப்பார்கள். விடிந்ததும் நாலு கூடாரத்திலும் ஒரே சமயத்தில் இருமல் தொடங்கும். உள்ளே எதையோ வேரோடு பிடுங்குகிறாற்போல் இழுத்து இழுத்து, கடைசியில் ஒரு காறல், பிறகு டின்னில் விழுகிற அந்தச் சத்தம். பக்கத்துக் கூடாரத்தில் தனியாகத் தங்கியிருந்த ஒருவர் ஒவ்வொரு முறையும் டின்னைச் சாய்த்து எட்டிப் பார்த்து, "இன்னிக்குப் பரவால்ல" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார். நைனாவினுடையது சாம்பல் நிறத்தில், ஓரத்தில் கொஞ்சம் துருவேறினாற்போல் இருக்கும். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே தினமும் பார்த்தேன்.

அந்த டின்களைத் தேவகி ஒரு கூடையில் அடுக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவாள். மணலை அள்ளிப் போட்டு, வெறும் கையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். அவள் உட்கார்ந்து கழுவுகிற கல்லுக்குப் பத்தடி கீழே முனியம்மா சோற்றுக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருப்பாள். இதை நான் மூன்றாம் நாள் பார்த்தேன். அந்த ஆறு நேராக ஏரிக்குப் போகிறது, ஏரித் தண்ணீர்தான் எங்கள் லைன் குழாய்க்கு வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். சுத்தம் செய்துதான் அனுப்புவார்கள் என்கிற பாடம் இன்னும் வரவில்லை. அந்தக் கரையிலேயே குந்தி, காலையில் குடித்த கஞ்சி முழுவதையும் வெளியே எடுத்துவிட்டேன். தேவகி ஓடிவந்து, டின் கழுவிய அதே கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். அவள் திரும்பிப் போய் மிச்ச டின்களைக் கழுவினாள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில்தான் அது நடந்தது. வீட்டில் எப்போதும் நைனாவும் நானும் ஒரே தட்டில் சாப்பிடுவோம். அவர் சோற்றை உருட்டி என் பக்கம் தள்ளுவார், நான் மீனை ஆய்ந்து முள்ளை என் பக்கம் வைத்துக்கொண்டு சதையை அவர் பக்கம் தள்ளுவேன். அன்று அவர் கையை வைத்ததும் எனக்கு டின் ஞாபகம் வந்துவிட்டது. தட்டை இழுத்துக்கொண்டு, "நைனா, நீ அந்தாண்ட போய்த் துன்னு. ஒன்னப் பாத்தா எனக்குக் கொமட்டுது" என்றேன்.

அம்மா அகப்பைக் காம்பை ஓங்கினாள். நைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வுடு. கொயந்தைக்கு ஒத்துக்கல, அதுக்கு இன்னா பண்ணும்?" என்று சொல்லிவிட்டு, தம் சோற்றை ஒரு இலையில் வாங்கிக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே, வெயிலில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மிச்சமிருந்த நாட்களில் ஒரு வேளைகூட அவர் எங்களோடு உட்காரவில்லை. இருமல் வந்தால் எழுந்து ஆற்றுப்பக்கம் நடந்துவிடுவார். தூரத்தில் முதுகு குலுங்குவது மட்டும் தெரியும். நான் கூப்பிட்டிருக்கலாம். இரண்டு தரம் வாய்வரை வந்தது, ஆனால் கூப்பிட்டால் மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பத்து வயதில் ஒரு குழந்தைக்கு அவ்வளவு அழுத்தம் இருக்க முடியும் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

எட்டாம் நாள் காலையில்தான் அந்தக் கேம்ப்பின் உண்மையான வியாபாரம் எனக்குத் தெரிந்தது. நாங்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அம்மா டப்பாவை மடியிலிருந்து எடுத்து முனியம்மாவிடம் கொடுத்தாள். நைனாவிடம் கொடுக்காமல் ஏன் இவளிடம் கொடுக்கிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முனியம்மா டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தேவகிக்கு நாலு நாளா இருமல் மே. எப்பவும் அதுதான் எல்லாருக்கும் துப்பிக் குடுக்கும். இப்ப அதும்மேல நம்பிக்க வெக்க முடியாது."

அப்படியென்றால் இத்தனை வருஷமாக அங்கே வந்து தங்கியவர்களுடைய டப்பாக்களில் ஆஸ்பத்திரிக்குப் போனது தேவகியின் எச்சில். எட்டு நாள் ஆற்றுக் காற்று, முட்டை, மீன் எல்லாம் ஒப்புக்கு. தங்குகிறவர்களுக்கெல்லாம் டின் கழுவியதும் அவள்தான், அவர்களுக்காகத் துப்பியதும் அவள்தான், இப்போது இருமுகிறவளும் அவள்தான். இதையெல்லாம் கோத்துப் பார்க்கிற வயது எனக்கில்லை. முனியம்மாவுக்கு அந்த வயது இருந்தது. ஆனால் அவள் அப்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணு நல்லாதான கீது? இதையே துப்பச் சொல்லேன்."

நைனா வேண்டாம் என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "அதுக்கு அருவருப்பு அதிகம். வாணாம், வுட்டுடுங்க. நான் என்னுதையே குடுக்கறேன், வர்றது வரட்டும்" என்றார். அம்மா அவரைப் பார்த்து, "அப்போ வீடு?" என்று மட்டும் கேட்டாள். அவர் ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் போய் டப்பாவை வாங்கிக்கொண்டேன். "நான் துப்பறேன் நைனா" என்றேன். வெறும் எச்சில் துப்பினால் செல்லாது, கண்டுபிடித்துவிடுவார்கள், அடித்தொண்டையிலிருந்து வர வேண்டும் என்று முனியம்மா சொல்லிக்கொடுத்தாள். அடுப்பில் காய்ந்த மிளகாயைப் போட்டு அந்தப் புகையில் என் முகத்தைப் பிடித்தாள். கண்ணும் மூக்கும் ஒழுகின, குடல் வாய்க்கு வந்தது, முதல் தடவை வந்ததைப் பார்த்துவிட்டு மணலில் கொட்டச் சொன்னாள். பக்கத்துக் கூடாரத்துக்காரர் வெளியே வந்து நின்று, "இழுத்து காறு பாப்பா, அவசரப்படாத" என்று சொன்னார். மூன்றாவது தடவையில் அவளுக்குத் திருப்தியாயிற்று. மூடியை அழுத்தி மூடி, "தேவகியுதைக் காட்டியும் நல்லா வந்துக்குது" என்றாள். நைனா என் முகத்தைத் தம் துண்டால் துடைத்துவிட்டார். அது அவர் வாயைப் பொத்தி இருமுகிற துண்டு. நான் முகத்தைத் திருப்பவில்லை. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

ஒரு வாரம் கழித்துச் சீட்டு வந்தது. கபத்தில் ஒன்றுமில்லை, நிழல் கல்தூசிதான், வேலைக்குப் போகலாம். அம்மா லைன் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். நைனா மறுநாளே கேஜில் இறங்கினார். வீட்டில் மறுபடியும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். நான் என்னவோ பெரிய காரியம் செய்துவிட்ட பெண்ணாகச் சில மாதம் நடந்துகொண்டேன். எங்கள் வீடு என்னால் நிற்கிறது என்று அடிக்கடி சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

இரண்டரை வருஷம் அப்படியே போயிற்று. பிறகு ஒருநாள் ஷிப்ட் நடுவில் அவரை ஸ்ட்ரெச்சரில் மேலே கொண்டுவந்தார்கள். வாயிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், கோபக்காரர் என்று பார்த்தாலே தெரியும், நைனாவின் பழைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"இவருக்கு முன்னாடி கபம் பாத்திருக்காங்க, சுத்தம்னு எழுதியிருக்கு. எப்படி?" என்று அம்மாவைக் கேட்டார். "அப்பவே தெரிஞ்சிருந்தா ஊசி மாத்திரையிலேயே சரி பண்ணியிருக்கலாம். செலவும் கிடையாது. எத்தன பேரு குணமாயி, கீழ எறங்காம மேல வேல செய்யறாங்க, வீட்டுலயேதான் இருக்காங்க. யாரு அவங்கள காலி பண்ணச் சொன்னது?"

அம்மாவின் கண் என் பக்கம் வந்து, உடனே தரைக்குப் போய்விட்டது. கட்டிலிலிருந்து நைனாதான் சொன்னார். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "அப்ப நல்லாதான் இருந்தேன் சார். இது அப்பறம் வந்தது." டாக்டரைப் பார்த்துச் சொன்னாரே தவிர, என் பக்கம் திரும்பவே இல்லை. பதினோராம் நாள் போய்விட்டார். ஆறு மாதத்துக்குள் நாங்கள் அந்த வீட்டையும் விட்டு, அம்மாவின் அண்ணன் வீட்டுக்குக் குடியாத்தம் போய்ச் சேர்ந்தோம். தேவகியைப் பற்றி ஒரே ஒருமுறை, அவளும் அதே வருஷம் போய்விட்டாள் என்று யாரோ சொல்லக் கேள்விப்பட்டேன்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், வண்டியைப் பேத்தமங்கலத்துக்குத் திருப்பச் சொல்லி, ஏரிக்கு மேலே ஆற்றைத் தேடிப் போனேன். ஆறு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. மணலையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், பள்ளம் பள்ளமாகக் கருவேல முள் மண்டிக் கிடக்கிறது. கேம்ப் எந்த இடத்தில் இருந்தது என்று காட்ட ஆளில்லை. சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாயிற்று. கேஜ் இல்லை, ஷிப்ட் சங்கு இல்லை, அன்ஃபிட் என்று எழுத யாருமில்லை. நாங்கள் இருந்த லைன் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், சுவருக்குப் பச்சை வர்ணம் அடித்திருக்கிறார்கள். என்கூட வந்த என் பேத்தி முள்ளையும் பள்ளத்தையும் பார்த்து முகத்தைச் சுளித்து, "இங்க தங்கி என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். மீன் சாப்பிட்டோம் என்று சொன்னேன்.

அந்த எட்டு நாளில் பாயைத் தொட அருவருத்தேன், சோற்றைத் தொட அருவருத்தேன், வாந்தி எடுத்தபோது என் நெற்றியைத் தாங்கிய கையைத் தட்டிவிட்டேன், பெற்ற தகப்பனைத் தட்டிலிருந்து எழுப்பி வெயிலில் உட்காரவைத்தேன். கொஞ்சமும் அருவருப்பில்லாமல், மனசு நிறைந்து, அவருக்காக நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். அந்த டப்பாவில் துப்பியது.